முதல் பட்டதாரியின் முதல் வேலை

ஏரல் தாலுகா அலுவலகத்தில் ‘முதல் பட்டதாரி’ சான்று வாங்க வேண்டுமானால், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்று இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்; 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்தது இது. இதனால் தாமிரபரணிக் கரையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய வீடுகளிலிருந்தும், வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போன வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள். நான்கு வருஷம் கழித்து அதே பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தோடு ஊர் திரும்பும்போது, வீட்டில் பட்டதாரி இல்லாத குறை மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. கம்பெனிக்குள்ளிருந்து ‘ரெஃபரல்’ கொடுக்க ஒரு சித்தப்பா இல்லை. ஆஃபர் லெட்டரைப் படித்து இது நிஜமா மோசடியா என்று சொல்ல ஒரு அக்கா இல்லை. கல்லூரிக் கட்டணத்துக்குக் கைகொடுத்த சான்று வேலை தேடும் இடத்தில் எடுபடுவதில்லை.

நானும் ஏரல்காரன். சென்னையில் பல வருஷம் புரோகிராம் எழுதிவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சாயங்கால நேரத்தில் பிள்ளைகள் ரெஸ்யூமேயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததையும், ஐ.டி. துறை இருபது வருஷமாக நடந்துவந்த விதத்தையும் சேர்த்து யோசித்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பிள்ளைகளிடம் திறமை குறைவு என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே காத்திருக்கும் காலத்துக்குத்தான் அவர்களிடம் வசதி இல்லை.

ஒரு பையனுக்கு மே மாதம் படிப்பு முடிகிறது. கல்விக் கடன் வாங்கியிருந்தால் பொதுவாக ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கிவிடும். அந்த ஓராண்டுக்குள் இன்னொரு கெடுவும் ஓடுகிறது. பெரிய கம்பெனிகளின் ஆள் எடுப்பு அறிவிப்பில் தகுதி என்ற இடத்தில் எந்த வருஷம் முடித்தவர்கள் என்பதைத்தான் முதலில் போடுகிறார்கள். இந்த வருஷ ‘பேட்ச்’ மட்டும், மிஞ்சிப்போனால் போன வருஷமும். அடுத்த மே மாதம் புதுப் பேட்ச் வெளியே வந்தவுடன் இவன் பழைய பேட்ச் ஆகிவிடுகிறான். எதையும் மறக்கவில்லை, எதிலும் தோற்கவில்லை. விண்ணப்பிக்கும் தகுதி மட்டும் போய்விட்டது. பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் மூன்றாவது கெடு ஒன்றும் இருக்கிறது. “ஒரு வருசம் பாப்போம், இல்லேன்னா மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்” என்று என் எதிரிலேயே சொன்ன அப்பாக்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடுவதற்கு மாதம் பத்தாயிரமாவது அனுப்ப வேண்டும். அந்தப் பணம் வாழைத்தார் விற்ற பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

காலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கடந்த ஐந்தாறு வருஷத்தின் கணக்கே காட்டும். கொரோனாவுக்குப் பிறகு உலகமே ஆன்லைனுக்கு மாறியபோது 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதுப் பட்டதாரிகளை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. இரண்டே வருஷத்தில் காற்று மாறியது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்.ஸின் ஆள் எண்ணிக்கை 13,249, இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516 குறைந்தது. மூன்று கம்பெனியிலும் சேர்த்து ஏறத்தாழ 64,000. 2022-ல் முடித்த அண்ணனும் 2024-ல் முடித்த தம்பியும் ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள். அண்ணன் கையில் மூன்று ஆஃபர் இருந்தது. தம்பி கையில் ஒன்றும் இல்லை. தம்பியைப் பார்த்து “அண்ணன மாதிரி படிச்சிருக்கலாம்லா” என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனசு பொறுக்காது.

ஆஃபர் லெட்டர் வந்தவர்களுக்கும் காத்திருப்பு தீரவில்லை. 2022-ல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 2,000 பேர் இரண்டு வருஷமாகியும் பணியில் சேர்க்கப்படவில்லை என்று ஐ.டி. ஊழியர் நல அமைப்பான ‘நைட்ஸ்’ மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. பிறகு மைசூரு பயிற்சி வளாகத்தில் சேர்ந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டோர், உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் வெளியே அனுப்பப்பட்டார்கள். விப்ரோ 2023-ல், 6.5 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வந்து சேரச் சம்மதமா என்று கேட்டது. காத்திருந்த பிள்ளைகள் வேறு இடத்தில் விண்ணப்பிக்காமல், ‘நமக்குத்தான் வேலை இருக்கிறதே’ என்று இருந்துவிட்டார்கள். அதில் போன மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சேர்ந்து, முதல் சம்பளம் கணக்கில் ஏறுகிறவரைக்கும் தேடுவதை நிறுத்தாதே.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரிய கம்பெனிகள் புதுசாகச் சேர்கிறவருக்கு வருஷத்துக்கு மூன்று லட்சத்தையொட்டிக் கொடுத்தன. இன்றும் டி.சி.எஸ்.ஸின் அடிநிலை ஆஃபர் 3.36 லட்சம், இன்ஃபோசிஸில் 3.6 லட்சம். இடையில் வேளச்சேரி வாடகையும் ஹாஸ்டல் சாப்பாடும் எத்தனை மடங்கு ஏறின என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கு இன்னும் கீழே. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட்டின் 2.52 லட்ச ஆஃபர் பெரிய விவாதமானபோது, அது மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கு மட்டும், பொறியியல் முடித்தவர்களுக்கு 4 லட்சம் முதல் என்று அந்தக் கம்பெனி விளக்கம் சொன்னது. நம் பக்கத்தில் கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள், பெண் பிள்ளைகள் குறிப்பாக, ஏராளம் பேர். அவர்களுக்கு அந்த விளக்கம் ஆறுதலாக இருக்கவில்லை.

இன்னொரு பக்கம் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. வசதி உள்ள கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டிக்கொண்டன. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று புதுப் பெயர்களிலும் வகுப்புகள் வந்தன. கோவில்பட்டியில் 1984-லிருந்து நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981-ல் வந்தது. திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் கல்லூரி 1995-ல். தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. கல்லூரி. படிக்க நமக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆனால் வளாகத் தேர்வுக்கு வருகிற கம்பெனிக்குச் சென்னையிலும் கோவையிலும் ஒரே கல்லூரியில் ஆயிரம் பிள்ளைகள் கிடைக்கும்போது, அது தெற்கே இறங்கி வருவது குறைகிறது. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ‘ஆஃப் கேம்பஸ்’தான்.

அதில் முதல் கட்டமே ஆன்லைன் தேர்வு. கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தால் போயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு ஊருக்குள் புகுந்து, ஏரல் பாலம் உடைந்து நாங்கள் துண்டாகிக் கிடந்தோம். கரண்டும் போனும் இல்லை. அந்த வாரம் தேர்வு இருந்த ஒரு பெண் என் பக்கத்துத் தெரு. தண்ணீர் வடிந்து சிக்னல் கிடைத்த பிறகு அவள் அந்தக் கம்பெனிக்கு நிலைமையை விளக்கி மெயில் அனுப்பினாள். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து ‘உங்கள் இணைப்பு காலாவதியாகிவிட்டது’ என்று தானியங்கிப் பதில் வந்தது. மேலே கேட்க ஆள் யாரும் தெரியாது. அதே 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றது. சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். அது நம் பிள்ளைகள் நேர்காணலுக்குப் போகிற ரயில்.

தேர்வைத் தாண்டினால் நேர்காணல். இங்கேதான் நான் மெதுவாகச் சொல்ல விரும்பும் விஷயம் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். ரெஸ்யூமேயில் கடைசி வருஷ புராஜெக்ட் ‘முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் அமைப்பு’. இந்த ஒரே புராஜெக்ட்டை நான் பத்துப் பேரிடம் பார்த்திருக்கிறேன். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் கோடு, அறிக்கை, பைண்டிங் எல்லாம் கிடைத்துவிடும். முகம் எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டேன். தலை குனிந்தான்.

“சரி தம்பி, நீயா எழுதுனது ஏதாவது உண்டா?”

“மாமா மண்டிக்கு சும்மா ஒண்ணு எழுதுனேன் அண்ணாச்சி. ரெஸ்யூமேல போடுத மாதிரி இல்ல.”

போனில் காட்டினான். வாழைக்காய் கமிஷன் மண்டி. எந்த விவசாயி எத்தனை தார் இறக்கினார், என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று ஒரு சின்னக் கணக்கு.

“மொதல்ல பேர வச்சுதான் கணக்கு எழுதுனேன். ரெண்டாம் நாளே ஒருத்தரு முன்பணம் இன்னொருத்தரு கணக்குல ஏறிட்டு. மாமா சத்தம் போட்டாங்க.”

ஏரலில் அப்படித்தான் ஆகும். சேர்மன் அருணாசல சுவாமி கோயில் உள்ள ஊரில் தெருவுக்குத் தெரு அருணாசலம் இருப்பார்கள். இனிஷியலைச் சேர்த்தும் பார்த்திருக்கிறான், அப்போதும் இரண்டு பேர் ஒத்துப்போயிருக்கிறார்கள். போன் நம்பரை வைத்துப் பார்த்தால் அப்பாவும் மகனும் ஒரே நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அதை அவரவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். டேட்டாபேஸ் பாடத்தில் ‘பிரைமரி கீ’ என்று இரண்டு மார்க்குக்கு எழுதுவது இதைத்தான். அவன் அதைப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறான். இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்திருந்தான். தார் எண்ணிக்கை தப்பாக விழுந்தால் முதலில் அதை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போடும்படி எழுதியிருக்கிறான். மாமா கூடாது என்றாராம். பேரேட்டில் தப்பை அழிக்க மாட்டார்கள், குறுக்கே கோடு போட்டு அடுத்த வரியில் சரியானதை எழுதுவார்கள். நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் இரண்டும் தெரிய வேண்டும். பையன் அதையே புரோகிராமிலும் கொண்டுவந்துவிட்டான். வங்கி மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைத் தலையாய விதியாகக் காப்பாற்றுவார்கள். எனக்கு அது பிடிபடச் சென்னையில் மூன்று வருஷம் ஆனது.

அன்றே முகப்பதிவை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிட்டு மண்டிக் கணக்கைப் போட்டோம். என் அனுபவத்தில் நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தேடுவது இந்த மாதிரி ஒரு இடத்தைத்தான்: எங்கே தப்பு வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தாய், என்ன மாற்றினாய். இப்போது செயற்கை நுண்ணறிவே கோடு எழுதித் தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டதை எழுதிக் கொடுக்கும் ஆளுக்கான தேவை சுருங்கிவிட்டது. எந்த அருணாசலம் என்று கேட்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை சுருங்கவில்லை. அதற்கு ஆங்கிலம் தடையாக இருக்கிறதே என்பார்கள். தடைதான். ஆனால் தான் செய்ததைச் சொல்லும்போது இந்தப் பையனின் ஆங்கிலம் தானாகவே நீண்டதைக் கண்ணால் பார்த்தேன். முகப்பதிவைச் சொல்லும்போது இரண்டு வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது.

காத்திருக்க முடியாத வீட்டின் அவசரத்தைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ‘பேக்டோர்’ வேலை என்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவர்கள். இல்லாத கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்று அச்சடித்துத் தருபவர்கள். சான்று சரிபார்ப்பில் பிடிபட்டால் அந்தப் பையனின் பெயர்தான் கெடும், விற்றவன் பெயர் எங்கேயும் வராது. இதைவிடக் கொடியது, டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போய் மியான்மரின் மியாவடி பக்கம் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைக் குறிவைத்து நடக்கும் இந்த மோசடி பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். வேலைக்காக யாராவது முன்கூட்டிப் பணம் கேட்டால், சுற்றுலா விசாவில் போகச் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். நான் இதைப் பெற்றோரிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நகையை அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள்தான்.

இத்தனை வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் ‘பாண்டு’ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாண்டு எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஓடிவிடலாம் என்று நண்பர்கள் சொல்லித் தருவது தவறு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கு விரோதமில்லை என்று சொன்னது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கச் செய்யும் செலவையும் கருத்தில் கொண்ட தீர்ப்பு அது. அதற்காக எந்தத் தொகையும் நியாயம் என்று ஆகிவிடாது. 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது. உண்மையான பயிற்சி தருகிற கம்பெனி ஒரு வருஷம், இரண்டு வருஷம் கேட்டால் யோசிக்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

அரசுத் தேர்வுப் பக்கம் திரும்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு, முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் வந்தது. பத்தாம் வகுப்புத் தகுதி உள்ள தேர்வில் பொறியாளர்களும் உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷம் அதில் போனால் கம்ப்யூட்டர் பட்டத்தின் பேட்ச் கெடு முழுக்கத் தீர்ந்திருக்கும். சாயங்காலம் படித்துக்கொண்டு பகலில் ஒரு சின்ன வேலையில் இருங்கள் என்பதுதான் என் வாதம்.

அந்தச் சின்ன வேலை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுதான் நம் பிள்ளைகளுக்குக் காலத்தை வாங்கித் தரும். முன்பைவிட இப்போது அதற்கு வழி இருக்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லிருந்து கிராமத்தில் உட்கார்ந்தே உலகத்துக்கு மென்பொருள் செய்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கே உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தரும் பள்ளியையும் நடத்துகிறது. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தூத்துக்குடியில் 32.50 கோடி ரூபாயில் கட்டிய நியோ டைடல் பூங்காவை 2024 டிசம்பரில் முதல்வர் திறந்துவைத்தார். சென்னையில் டைடல் பூங்கா திறந்தது 2000-ல். நம் கடற்கரைக்கு வர இருபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது. கட்டடம் வந்துவிட்டது, அதில் உள்ளூர்ப் பிள்ளைகளின் முதல் வேலைக்கு எத்தனை நாற்காலி என்பதை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

ஐ.டி. கம்பெனி என்று பலகை மாட்டாத இடங்களையும் பாருங்கள் என்பேன். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிச் சுங்க முகவர்கள், கப்பல் ஏஜென்சிகள், கன்டெய்னர் கிடங்குகள், உப்புக் கம்பெனிகள், மீன் ஏற்றுமதி நிறுவனங்கள் இருக்கின்றன. சுங்க ஆவணங்கள் எல்லாம் ஆன்லைனில்தான் போகின்றன. அங்கே ஒரு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து வெளியே வர என்னென்ன காகிதம் வேண்டும், எங்கே சிக்கும் என்று அத்துப்படி. சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் எழுதும் கம்பெனிக்கு அந்த அறிவு கோடு தெரிந்த பத்துப் பேரிடமும் கிடைக்காது. மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டமும் உண்டு. 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 உதவித்தொகை வைத்தார்கள். பெரிய பணமில்லை. ஆனால் வீட்டிலிருந்து போய்வந்தால் அது மிச்சமாகும், ரெஸ்யூமேயில் வெறுமையாக இருந்த வருஷத்துக்கு ஒரு பெயரும் கிடைக்கும்.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. முடித்த வருஷத்தை வைத்து வடிகட்டுவதை விடுங்கள். ஒரு நாடு முழுக்க ஆள் எடுப்பு நின்றுபோன வருஷத்தில் வெளியே வந்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? தேர்வு வையுங்கள், கடுமையாகவே வையுங்கள், உட்காரவாவது விடுங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரியில் இருக்கும்போதே பயிற்சி தருகிறார்கள், நல்ல காரியம். கல்லூரியை விட்டு வெளியே வந்து வேலை கிடைக்காமல் இருக்கும் முதல் வருஷத்துக்கும் அதே அக்கறை நீள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று வைத்திருப்பவருக்குக் கல்விக் கடன் தவணை வேலை கிடைத்த பிறகு தொடங்கட்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை என்று நான் நினைக்கவில்லை.

மண்டிக் கணக்குப் பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் கடைசிச் சுற்று வரை போய் வந்திருக்கிறான். மாமாவைப் பார்த்து இன்னொரு மண்டிக்காரரும் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி மூவாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். வங்கித் தவணை தொடங்க நாலு மாசம் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியில் இருபது பேர் உள்ள ஒரு கம்பெனியில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மண்டிச் சீட்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.